என் துப்பாக்கியை நானே கழுவிக்கிறேன், விடுங்க



மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ராத்திரி நடந்தது இது. பெங்களூர்ல வேலை பார்க்கிற என் அக்கா மகன் குடும்பத்தோட வந்திருந்தான். நல்ல பையன். ஊருக்கு வந்தா சும்மா உட்கார மாட்டான், தொட்டிக்குத் தண்ணி விடறதுல இருந்து மாட்டுக்குத் தட்டு போடறது வரைக்கும் இழுத்துப் போட்டுச் செய்வான். அன்னைக்குப் பதினோரு மணி சுமாருக்கு மக்காச்சோளக் காட்டுப் பக்கம் நாய் விடாம குலைச்சுது. பன்றி இறங்கியாச்சு. நான் போய் ரெண்டு வேட்டுப் போட்டேன். வெறும் மருந்துதான், உள்ளே குண்டு கிடையாது. சத்தத்துக்கே கூட்டம் காட்டுக்குள்ள ஓடிருச்சு.

வந்ததும் வாசல் அடுப்புல பானை வெச்சு வெந்நீர் காய்ச்சினேன். குழலைத் தனியா கழட்டி, அடிப்பக்கத்தை ஒரு போகணியில நிறுத்தி, கம்பி நுனியில துணியைச் சுத்தி மேலயும் கீழயும் இழுத்துக் கழுவிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு முழிச்சு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அஞ்சு வயசுப் பேத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு, "தாத்தா, முட்டை அழுகிப் போச்சா?"ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ அம்மாவுக்குச் சிரிப்பு வரல. பிள்ளையை வாரித் தூக்கிட்டு உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா.

மறுநாள் மத்தியானமே கிளம்பிட்டாங்க. சாயங்காலம் வாட்ஸப்புல மாப்ளே எழுதியிருந்தான்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலத்துல வீட்ல துப்பாக்கி இருக்கறதே சரியில்லை. அதை ராத்திரியில வாசல்ல பிரிச்சுப் போட்டுக் கழுவறது அதைவிட மோசம். ஸ்டேஷன்ல கொடுத்துடுங்க. அவங்க பத்திரமா பார்த்துக்குவாங்க."

கடைசி வரியைப் படிச்சதும்தான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. முன்னாடி சொன்னதை எல்லாம் பொறுத்துக்குவேன், பிள்ளை வளர்க்கிறவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா "பத்திரமா பார்த்துக்குவாங்க"ன்னு சொன்னதுக்குப் பதில் சொல்லாம விட முடியாது. அவனுக்கு மட்டும் இல்லை, அவனை மாதிரி நினைக்கிற பட்டணத்து மக்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம். அவன் அதை "ரைஃபிள்"னு சொன்னான். அது ரைஃபிள் இல்லைங்க. ரைஃபிள்னா குழலுக்குள்ள சுருள் சுருளா காடி வெட்டியிருக்கும், குண்டு அதுல சுழன்டுக்கிட்டே நேராப் போகும். என்கிட்ட இருக்கிறது உள்ளே வழவழன்னு இருக்கிற ஒத்தைக்குழல், வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. குதிரை போய்க் கேப்பை அடிச்சா வெடிக்கும். ஒரு தடவை வெடிச்சா மறுபடி கெட்டிக்க நிமிஷக் கணக்குல ஆகும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தோட 13-வது பிரிவுல, பயிரைக் காப்பாத்த இந்த மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு தனியாவே எழுதி வெச்சிருக்காங்க. எங்க அப்பா காலத்துல வாங்கின லைசென்ஸ் அது, அவருக்கு அப்புறம் என் பேருக்கு மாத்தினது. முன்னெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், 2019-ல சட்டத்தைத் திருத்தினப்போ அஞ்சு வருஷம் ஆக்கினாங்க. சட்டம் எனக்குச் செஞ்ச ஒரே நல்லது அதுதான்.

இனி அந்த அழுகின முட்டை நாத்தத்துக்கு வர்றேன்.

கரிமருந்துங்கறது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது. அது வெடிக்கும்போது எல்லாமே புகையாப் போயிடறதில்லை. பாதிக்கு மேல சாம்பலும் உப்புமா குழலுக்குள்ளயே படிஞ்சு நிக்கும். அந்தப் படிவுல தண்ணி பட்டா கந்தக வாடை கிளம்பும், அதைத்தான் பிள்ளை மோந்துச்சு. அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். ஐப்பசி, கார்த்திகையில எல்லாம் ராத்திரி சுட்டுட்டு அப்படியே மாட்டி வெச்சீங்கன்னா, காலையில துணி விட்டா துணி செங்கல் நிறத்துல வரும். கேப்புல இருக்கிற மருந்தும் சும்மா இல்லை. அதுவும் எரிஞ்சு ஒரு உப்பை விட்டுட்டுப் போகும், நாம சோத்துல போடற உப்புக்குப் பங்காளி முறை.

இங்கதான் முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. மண்ணெண்ணெயை விட்டுத் துடைப்பாங்க, இல்லேன்னா எண்ணெயைத் தடவி வெச்சுடுவாங்க. பார்க்கப் பளபளன்னு இருக்கும். ஆனா உப்பு எண்ணெயிலயும் கரையாது, மண்ணெண்ணெயிலயும் கரையாது. தண்ணியில மட்டும்தான் கரையும். மேல எண்ணெயைப் போட்டுக் கீழ உப்பை வெச்சு மூடினா துரு உள்ளுக்குள்ளயே வேலை பார்க்கும். அதனால தண்ணிதான் ஊத்தணும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா இரும்பு சூடேறி, தானா காஞ்சுக்கும். பச்சைத் தண்ணி ஊத்தினா நிப்பிள் மரையில ஈரம் நின்னுக்கும். நிப்பிள்னா கேப்பு மேல உட்காரும் பாருங்க, அந்தச் சின்னக் காம்பு. அதைத் திருகிக் கழட்டிக் கழுவி, மரையில எண்ணெய் வெச்சுத் திரும்பத் திருகணும்.

தண்ணி முதல்ல மை மாதிரி வரும். மாத்தி மாத்தி ஊத்தித் தெளிவா வர்ற வரைக்கும் விடக்கூடாது. அப்புறம் காஞ்ச துணி நாலஞ்சு. அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில வெச்சு ஒரு இழுப்பு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டா பிசினாப் பிடிச்சுக்கும். அடுத்த நாள் மறுபடி ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பார்க்கணும். பழுப்பு தட்டிச்சுன்னா நேத்து ஒழுங்கா கழுவலன்னு அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க பெரியப்பா. மெட்ராஸ் ரெஜிமெண்டுல இருந்து ஹவில்தாரா ஓய்வு பெற்று வந்தவர், வெலிங்டன்ல பயிற்சி எடுத்தவர். அவர் காலத்து .303 ரைஃபிளுக்கும் இதே வைத்தியம்தானாம். அந்தக் காலத்துத் தோட்டா கேப்புலயும் இதே உப்புச் சனியன் இருந்ததால, சுட்டு முடிச்சதும் குழலுக்குள்ள கொதிதண்ணி ஊத்தியாகணும். அதுக்குன்னே புனல் இருக்குமாம். கட்டைக்குள்ள ஒரு சின்னப் பொந்து இருக்கும், அதுல எண்ணெய்ப் புட்டியும், நுனியில கனம் கட்டின கயிறும் வெச்சிருப்பாங்களாம். கயித்தைக் குழலுக்குள்ள இறக்கி, துணியைக் கோத்து இழுக்கணும். "நேரா இழுடா, கோணையா இழுத்தா கயிறு உரசி உரசிக் குழலோட வாயே தேஞ்சு போகும், அப்புறம் குண்டு அவன் இஷ்டத்துக்குப் போகும்"னு சொல்வார். என்னோடது காடி இல்லாத குழல்னு தெரிஞ்சும் அதே கண்டிஷன்தான். இப்போ வர்ற தோட்டாத் துப்பாக்கிக்கு இவ்வளவு பாடு இல்லை, கேப்பு மருந்து மாறிப் போச்சு. கரிமருந்துக்காரனுக்கு மட்டும் இன்னும் வெந்நீர் அடுப்புதான்.

பெரியப்பா சொன்னதுல இன்னொண்ணு. கழுவ உட்காரும்போது முதல்ல கேப்பை எடு, அப்புறம் கம்பியைக் குழலுக்குள்ள விட்டுப் பாரு. என் கம்பியில ஒரு கீறல் போட்டு வெச்சிருக்கேன். குழல் காலியா இருந்தா கீறல் வாய் மட்டத்துக்குச் சரியா வரும். கீறல் மேல நின்னா உள்ளே மருந்து இருக்குன்னு அர்த்தம். நாப்பது வருஷமா இந்தக் கம்பியை விடாம நான் துணியைத் தொட்டதில்லை. அன்னைக்கு ராத்திரியும் விட்டுப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன். மாப்ளே, உன் பொண்ணு பார்த்தது குதிரை கழட்டின, கேப்பு இல்லாத, தண்ணி ஊத்தின ஒரு இரும்புக் குழாய். அதைவிட அடுப்புல கொதிச்ச பானைதான் அவளுக்கு ஆபத்து.

சரி, "பத்திரமா பார்த்துக்கிறவங்க" கதைக்கு வர்றேன்.

எங்களை மாதிரி லைசென்ஸ்காரங்க ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல கொண்டு போய் வைக்கணும். பார்லிமெண்ட், சட்டசபை, உள்ளாட்சி, எது வந்தாலும் வைக்கணும். 2024-ல மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிச்சாங்க. தமிழ்நாட்டுல ஓட்டு போட்டது ஏப்ரல் 19. எண்ணினது ஜூன் 4. நாங்க ஓட்டுப் போட்டு மை காஞ்சு அழிஞ்சு போன பிறகும், வடக்க கட்டம் கட்டமா நடந்து முடியறதுக்கு 46 நாள் காத்துக்கிட்டு இருந்தோம். மொத்தம் 80 நாள். அதுக்கு மேல வாங்கறதுக்கு அலைஞ்சது தனி. மாசிப் பட்டத்துக்குப் போட்ட கடலை காய் பிடிக்கிற நேரமும் அதுதான், வைகாசியில பறிக்கிற நேரமும் அதுதான். பன்றிக்கு நடத்தை விதி எல்லாம் கிடையாதுங்க. நுனியில இருந்து ஏர் ஓட்டின மாதிரி பெரட்டிப் போட்டுட்டுப் போச்சு.

அது போகட்டும். அந்த 80 நாள் துப்பாக்கி எங்க இருந்துச்சு தெரியுமா? ஒரு ஸ்டோர் ரூம். ஸ்டேஷன் பேர் வேண்டாம், எங்க போனாலும் இதே கதைதான்னு மத்தவங்களும் சொல்றாங்க. சுவத்துல சாய்ச்சு, வாய் மேல பார்த்து வரிசையா நிறுத்தி, கழுத்துல ஒரு அட்டையைக் கட்டி விட்டிருந்தாங்க. ஜன்னல் ஒண்ணு, அதுக்குக் கண்ணாடி இல்லை. சித்திரை, வைகாசியில கோடை மழை பெஞ்சா சாரல் நேரா உள்ளதான். நான் கொடுக்கும்போது நல்லாக் கழுவி, எண்ணெய் போட்டு, குழல் வாயில ஒரு கார்க்கை அடைச்சுக் கொடுத்தேன். அங்க ரசீது எழுதறவர் கார்க்கைப் பிடுங்கிக் கையில கொடுத்துட்டார். "துப்பாக்கி ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கேன். இதெல்லாம் கணக்குல வராது"ன்னார். திரும்ப வாங்கும்போது குழல் வாய்க்குள்ள குளவி மண்ணு வெச்சுக் கூடு கட்டியிருந்துச்சு. குளவி மேல எனக்குக் கோபம் இல்லை, அதுக்குத் தேவை ஒரு ஓட்டைதான். அந்த மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, அதுக்குக் கீழ மோதிரம் மாதிரி வட்டமா துரு ஏறியிருந்துச்சு. பித்தளைத் தூரிகை போட்டு மூணு நாள் தேய்ச்சேன். இன்னைக்கும் விரலை விட்டுப் பார்த்தா அம்மைத் தழும்பு மாதிரி கைக்குத் தட்டுப்படும்.

என் கதை இவ்வளவோட போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர், பங்காளி, எனக்கு அண்ணன் முறை. அவர் கதை அப்படிப் போகல.

தேர்தல் அறிவிச்சதுக்கு ரெண்டு நாள் கழிச்சுக் காலையில போன் வந்துச்சு, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து வைங்க"ன்னு. அதுக்கு முந்தின ராத்திரிதான் அவர் நாலு வேட்டுப் போட்டிருந்தார். ராத்திரி முழுக்க காவல் காத்துட்டு வந்த அசதியில மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு வெச்சுட்டார், காலையில கழுவிக்கலாம்னு. காலையில போன். நான் அவர் பக்கம் நியாயம் பேசறேன்னு நினைக்காதீங்க, வெந்நீர் வைக்க அரை மணி நேரம் போதும், அவர் வெச்சிருக்கணும். அன்னைக்குக் கரும்பு வெட்டு ஆள் வந்திருந்தாங்க, அவசரத்துல கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துட்டார். மனசு கேட்காம, ஒரு வாரம் கழிச்சு வெந்நீர்ப் பாத்திரத்தையும் துணியையும் வண்டியில மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "அய்யா, வெளிய எடுத்துட்டுப் போகல. இங்கயே, உங்க கண்ணு முன்னாடி, அந்த வேப்ப மரத்தடியில வெச்சுக் கழுவிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்"ன்னு கேட்டார். சிரிச்சாங்க. "இது என்ன உங்க வீட்டு வாசலா?"ன்னாங்க. அவ்வளவுதான்.

ஜூன் மாசம் வாங்கிட்டு வந்தார். வெளிய துடைச்சார், உள்ளே துணி விட்டார், துரு வந்துச்சு, எண்ணெய் விட்டார். நிப்பிளைக் கழட்டப் பார்த்திருக்கார், அது மரையோட பிடிச்சுக்கிட்டு அசையல. இருக்கட்டும்னு விட்டுட்டார். மூணாவது நாள் ராத்திரி வாழைக்குள்ள பன்றி. வேட்டுப் போட்டார். உப்பு தின்ன மரை தாங்கல. நிப்பிள் பிச்சுக்கிட்டுப் பின்னால வந்து புருவத்துல அடிச்சுது. கோயமுத்தூர் வரைக்கும் கொண்டு போனோம். வலது கண்ணு போயிருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் விசாரணை வெச்சாங்க, "பழுதான துப்பாக்கியை ஏன் உபயோகிச்சீங்க?"ன்னு. லைசென்ஸையும் நிறுத்தி வெச்சாங்க. பழுது எந்த ரூமுக்குள்ள இருந்து ஆச்சுன்னு கேட்க அந்தக் காகிதத்துல இடம் இல்லை.

மாப்ளே, இதுதான் பத்திரம்.

தேர்தல் சமயத்துல ஆயுதத்தை வாங்கி வைக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. துப்பாக்கியைக் காட்டி ஓட்டுச்சாவடியை மிரட்டற ஊருங்க இந்த நாட்டுல இருந்திருக்கு. ஆனா தேர்தல் கமிஷன் சொல்றது எல்லாருடையதையும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு இல்லை. கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கிற ஒரு குழு உட்கார்ந்து, ஜாமீன்ல வந்தவன், குற்ற வழக்கு உள்ளவன், முன்னாடி தேர்தல் கலவரத்துல மாட்டினவன் இப்படி யார் யாருன்னு பார்த்து முடிவு பண்ணணும்னுதான் இருக்கு. பாங்கு காவலாளிக்கும் போட்டியில சுடறவங்களுக்கும் விலக்கு கொடுக்கறாங்க. ஒரு வேட்டுப் போட்டுட்டு அடுத்ததுக்கு மருந்தைக் கொட்டிக் கம்பியால இடிச்சு நிக்கிற அம்பத்தஞ்சு வயசுக் குடியானவன்கிட்ட எந்த ஓட்டுச்சாவடி பயப்படும், நீங்களே சொல்லுங்க. ஆனா குழு உட்கார்ந்து ஆள் ஆளாப் பார்க்கறது வேலை. போன் போட்டு எல்லாத்தையும் கொண்டு வான்னு சொல்றது சுலபம்.

இதுல இன்னொரு கூத்து. லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கி மலையோரத்துல இல்லாம இல்லை. அது எந்தத் தேர்தலுக்கும் எங்கயும் போறதில்லை. வருஷம் முழுக்க வீட்டுல எண்ணெய் குடிச்சுக்கிட்டு நல்லா இருக்கு.

எங்க ஆளுங்க எல்லாரும் உத்தமர்னும் நான் சொல்லல. பயிருக்குன்னு லைசென்ஸ் வாங்கி முயலும் மானும் சுட்டுத் தின்னவன் இருந்தான். குடிச்சுட்டு அண்ணன் தம்பிச் சண்டையில துப்பாக்கியைத் தூக்கினவனும் உண்டு. அப்படிப்பட்டவன் லைசென்ஸை ரத்து பண்ணுங்க, உள்ள தூக்கிப் போடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். என் பீரோ சாவி எங்க இருக்குன்னு என் மகனுக்கே தெரியாது. மருந்து ஒரு அறையில, கேப்பு இன்னொரு அறையில. இதெல்லாம் சட்டம் சொல்றதுக்கு முன்னாடியே பெரியப்பா சொன்னது.

ஆனா என்கிட்ட இருந்து இதை வாங்கிட்டா அடுத்தது என்னன்னு யோசிச்சீங்களா? பன்றியை நான் சுட முடியாது, அது எனக்கும் தெரியும். வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி 2-ஆம் அட்டவணைக்குக் கொண்டு போயிட்டாங்க. 2025 ஜனவரியில நம்ம அரசாங்கம் ஒரு முடிவு சொல்லிச்சு. காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்றியை வனத்துறையே சுடும், ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடும், ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒண்ணும் பண்ணாது. என் வரப்புல இருந்து காடு கூப்பிடு தூரம். அப்போ எனக்கு மிச்சம் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் இந்தக் குழல்.

சோலார் வேலி போடலாமேன்னு கேட்பீங்க. போட்டிருக்கேன். கீழ்க்கம்பியில களை வளர்ந்து தொட்டா வேகம் இறங்கிடும், வாரம் ஒருக்கா அரிவாளோட சுத்தணும். மழைக்காலத்துல இன்னும் மோசம். பன்றி மண்ணைப் பறிச்சு அடியில நுழையும். வேலி வேண்டாம்னு சொல்லல, வேலியும் வேணும், வேட்டும் வேணும்.

கண்ணு போன அண்ணனோட மகன் போன மாசம் என்கிட்ட வந்தான். "சித்தப்பா, மோட்டார் ரூம்ல இருந்து நேரா ஒரு லைன் இழுத்துக் கம்பியில விட்டுட்டா என்ன? ராத்திரி மட்டும்"ன்னு மெதுவாக் கேட்டான். எனக்கு உடம்பு ஆடிப் போச்சு. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்துல இப்படிப் பன்றிக்குன்னு விட்ட கரண்டுலதான் மூணு யானை ஒரே இடத்துல செத்துச்சு. ரெண்டு குட்டி அதுங்களைச் சுத்திச் சுத்தி வந்து நின்ன படத்தை நீங்களும் டி.வி.யில பார்த்து அழுதிருப்பீங்க. யானை மட்டும் இல்லை, காலையில மடை மாத்தப் போன ஆளுங்க இந்தக் கம்பியில செத்த செய்தி பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. இன்னொரு வழி அவுட்டுக்காய். வெடிமருந்தை உருண்டை பிடிச்சுத் தீனிக்குள்ள வெச்சுப் போடறது. பன்றிக்கு வெச்சதை யானை கடிச்சு, வாய் சிதறி, தின்ன முடியாம வாரக்கணக்குல பட்டினி கிடந்து சாகும். கரண்டுக் கம்பியையும் அவுட்டுக்காயையும் யாரும் ராத்திரி வெந்நீர் வெச்சுக் கழுவறதில்லை. வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கலாம். என் குழல் அப்படி இல்லை, நான் முழிச்சிருந்தாத்தான் அது வேலை செய்யும்.

அவனைத் திட்டி அனுப்பினேன். ஆனா திட்டினதுக்கு அப்புறம் அவனுக்குச் சொல்ல என்கிட்ட வழி ஒண்ணும் இல்லை. அப்பனோட லைசென்ஸ் நின்னு கிடக்கு.

மைசூரைத் தாண்டிக் குடகுக்குப் போனீங்கன்னா, அங்க செப்டம்பர் மாசத்துல கைல்போதுன்னு ஒரு பண்டிகை. வீட்டுத் துப்பாக்கியை எடுத்துச் சுத்தம் பண்ணி, பூ வெச்சுக் கும்பிடுவாங்க. கொடவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம்னு வெள்ளைக்காரன் காலத்துல இருந்து விலக்கு, மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிக் கொடுத்திருக்கு. அதைப் பார்க்க நீங்க கார் எடுத்துட்டுப் போவீங்க, போட்டோ எடுப்பீங்க, பாரம்பரியம்னு போடுவீங்க. நான் ஆயுத பூஜைக்கு மம்பட்டி, அரிவாளோட பக்கத்துல துப்பாக்கியையும் வெச்சுச் சந்தனம் தொட்டா மட்டும் உங்களுக்குப் பயம் வந்துருது. எனக்கு அவங்க மாதிரி விலக்கு வேண்டாம்ங்க. லைசென்ஸ் இருக்கட்டும், கணக்குப் பாருங்க, வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்க, காட்டறேன்.

நான் கேட்கறது ரெண்டே விஷயம். சட்டம் சொல்ற மாதிரி ஆளைப் பார்த்து வாங்குங்க. வாங்கினா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா உடமைக்காரனைக் கூப்பிட்டு, உங்க கண்ணு முன்னாடியே ஒரு எண்ணெய்த் துணி விட விடுங்க. வேப்ப மரத்தடி போதும். தண்ணியும் விறகும் நாங்களே கொண்டு வர்றோம்.

மாப்ளே, உனக்குத் தனியா ஒண்ணு. அடுத்த தடவை வரும்போது பேத்தியை உள்ள போட்டுத் தாழ் போடாதே. தூரமா திண்ணையில உட்கார வை, கம்பியில கீறல் எதுக்குன்னு அவளுக்கு நானே சொல்றேன்.

அடுத்த தேர்தல் வந்தா போன் வரும். வெந்நீருக்கு விறகு எடுத்து வெச்சாச்சு. கார்க்கும் புதுசா ஒண்ணு செதுக்கி வெச்சிருக்கேன், இந்தத் தடவை ரசீதுலயே எழுதச் சொல்லப் போறேன்: துப்பாக்கி ஒண்ணு, கார்க்கு ஒண்ணு.